பொன்னுக்கு வீங்கி வந்த மாதம்

என் மகளுக்கு வந்த எந்த நோயையும் டாக்டர் முதலில் கண்டுபிடித்ததில்லை. நான்தான் கண்டுபிடிப்பேன். திறமை என்று சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தேகம் அதிகம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். சிலிண்டர் வந்தால் போடுகிறவர் படியிறங்கும் முன் ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் வயிற்றைத் தொடுவதற்கு முன் அவள் டைரியைப் பிரித்து அன்றைக்கு என்ன டெஸ்ட் என்று பார்ப்பேன். "நீ போலீஸ்ல சேந்திருக்கணும். எனக்கு வந்து வாச்சுட்ட" என்பார் என் வீட்டுக்காரர்.

யூகேஜி படிக்கும்போது அவளுக்கு அம்மை போட்டது. குளிப்பாட்டும்போது முதுகில் ஒரே ஒரு கொப்புளம் பார்த்தேன். கொசு கடித்தது என்றார் அவர். பனியனுக்குள் புகுந்து கடிக்கிற கொசு எந்த ஊரில் இருக்கிறது? சோப்புப் போடாமல் துடைத்து, தனியாகப் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். மறுநாள் காலையில் நெஞ்சு முழுக்கப் பூத்துவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினேன், வீட்டில் தாளிப்பை நிறுத்தினேன், மூன்று தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை யாரையும் படியேற விடவில்லை. அடுத்த வருஷம் தக்காளிக் காய்ச்சல். இட்லிக்கு மிளகாய்ப் பொடி வேண்டாம் என்று அவள் சொன்ன அன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன், நாக்கின் ஓரத்தில் புண் இருந்தது. சாயங்காலம் உள்ளங்கையில் சிவப்பாக வந்தது. டாக்டரிடம் கூட்டிப்போனபோது நோயின் பெயரை நான் சொன்னேன், அவர் தலையாட்டினார். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாங்கள் அரியலூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவருக்கு ஊருக்கு வெளியே சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. கீழ் வீட்டில் வீட்டுக்கார அக்கா. அக்காவுக்கு ஒரே பெண், ஐந்தாவது படித்தாள். என் மகள் இரண்டாவது. ஸ்கூல் விட்டு வந்தால் இரண்டும் மாடிப்படியில்தான் இருக்கும். ஒரே பாக்கெட்டில் கை விட்டுத் தின்னும், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கும். என் மகள் அக்காவைப் பெரிம்மா என்பாள், அந்தப் பெண் என்னைச் சித்தி என்பாள். நான் அக்காவிடம் நல்லபடியாகத்தான் பழகினேன், ஆனால் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கீழே போனதில்லை.

ஒரு நாள் காலை அக்கா மேலே வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"பாப்பாவுக்குப் பொன்னுக்கு வீங்கி போட்டிருக்கு. ஒரு சங்கிலி இருந்தா குடேன், வத்துனதும் தந்துடுறேன். எங்களுதெல்லாம் பேங்குல கெடக்கு."

கன்னமும் காதுக்குக் கீழேயும் வீங்குகிற இந்த நோய்க்கு எங்கள் பக்கத்தில் பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள். மூன்றாம் நாள் வீக்கம் வற்றும் என்பது பேச்சு. பெயரிலேயே பொன் இருக்கிறது, பொன்னுக்காக வீங்குகிற வீக்கம் பொன்னைப் போட்டால் அடங்கும். கவரிங் போட்டால் பலிக்காது. சுத்தத் தங்கமாக இருக்க வேண்டும். படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று இதில் வித்தியாசம் கிடையாது. நான் பி.எஸ்.சி. படித்தவள், நானும் நம்பினேன். பாதி நம்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் செய்யும்போது முழுதாகத்தானே செய்கிறோம்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. என் கழுத்தில் தாலிச் சங்கிலி தவிர இன்னொரு இரண்டு பவுன் சங்கிலி கிடப்பது அவளுக்குத் தெரியும். அவள் கழுத்தில் தாலி மஞ்சள் கயிற்றில் தொங்கியது. போன மாதம் வரை அங்கே சங்கிலி இருந்தது. எல்லாம் பேங்கில் கிடக்கிறவள் வீட்டுக்கு என் சங்கிலி போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. உள்ளே போய்க் கழற்றினேன். கட்டிலில் வைத்து செல்போனில் நாலு போட்டோ எடுத்தேன். கொக்கியைத் தனியாக ஒன்று எடுத்தேன். பிறகு சிரித்த முகமாகக் கொண்டுவந்து கொடுத்தேன்.

நாலாம் நாள் அந்தப் பெண்ணுக்கு வீக்கம் வற்றிவிட்டது. ஐந்தாம் நாள் சங்கிலி திரும்பி வந்தது. ஒரு சின்ன டப்பாவில், மஞ்சள் தடவி வைத்திருந்தாள். அக்கா படியிறங்கியதும் ஜன்னலோரம் எடுத்துப்போய் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கொக்கி அதேதான். நிறம் மட்டும் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. மஞ்சளாக இருக்கும் என்று கழுவினேன். கழுவிய பிறகும் மங்கலாகத்தான் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. "அதே சங்கிலிதான், போட்டுக்கிட்டு வேலையப் பாரு" என்றார். போட்டுக்கொண்டேன். கழுத்தில் லேசாக இருப்பதுபோல் இருந்தது.

அதிலிருந்து இரண்டரை வாரம் இருக்கும். மதியம் ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாய் வாங்கியதும் மகள் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நிச்சயம் செய்துகொள்ள எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் துளி வைத்தேன், துடித்துப்போனாள். புளிப்பு பட்டால் எச்சில் ஊறும், எச்சில் ஊறினால் வீங்கிய இடம் வலிக்கும். பின்னால் போய் நின்று இரண்டு காதுகளையும் பார்த்தேன். இடது காதின் மடல் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. தொட்டால் சுட்டது. அவள் வகுப்பு அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிப் போட்டேன், பத்து நாள் அனுப்ப மாட்டேன் என்று. அதில் ஒருத்தி, எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டேன். நாமக்கட்டியை உரசிப் பற்றுப் போட்டேன். கஞ்சியை மையாக மசித்து உப்புப் போட்டுக் கொடுத்தேன், மோர் கேட்டாள், புளிப்பு என்று தரவில்லை. மெடிக்கலில் காய்ச்சல் சிரப் வாங்கி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊற்றினேன். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்தேன். தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. பார்த்துக்கொள்வதில் நான் குறை வைக்கவில்லை. இதை இன்றைக்கும் சொல்வேன்.

இரண்டாம் நாள் எங்கள் தெருவுக்கு வரும் நர்ஸம்மா படியேறி வந்தார். பிள்ளையின் கன்னத்தைப் பார்த்தார்.

"நாமதான் தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கோமே, எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நாங்க போடுற ஊசியில இது சேராதும்மா. வெளியில தனியாப் போடணும். தானா சரியாயிடும், பயப்படாதீங்க. ஆனா வாந்தி, தலைசுத்தல், கழுத்து வெறைக்கிறது இதெல்லாம் இருந்தா ஒடனே ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டு வந்துடணும். வூட்டுலயே வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாது."

சரி என்றேன். அவர் போன பிறகு யோசித்தேன். என் பிள்ளைக்கு வந்திருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? கீழ் வீட்டில்தான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா பெண்ணுக்கு வந்தபோது வராத நர்ஸம்மா என் வீட்டுக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? தெருவில் என் பிள்ளையால்தான் பரவுகிறது என்று காட்டவா? அவர் சொன்ன மூன்று விஷயங்களைவிட இந்தக் கேள்வியைத்தான் நான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் வீக்கம் வற்றவில்லை. வலது கன்னமும் வீங்கியது. முகம் பானை மாதிரி ஆகிவிட்டது. கீழ் வீட்டுப் பெண்ணுக்கு நாலாம் நாளே வற்றிய வீக்கம் என் பெண்ணுக்கு மட்டும் ஏன் ஏறுகிறது? அதே சங்கிலிதானே?

அதே சங்கிலிதானா?

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் போட்டது தங்கம், பலித்தது. திருப்பித் தந்தது தங்கமில்லை, பலிக்கவில்லை. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? மங்கலாகத் தெரிந்தது, லேசாக இருந்தது, எல்லாம் சேர்ந்துகொண்டது. பிள்ளையின் வீக்கம் வற்றவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும் என்று தோன்றவில்லை, சங்கிலியை உரசிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது எழுதும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அன்றைக்கு அது கணக்குப் போட்டதுபோல் சரியாக இருந்தது.

நாலாம் நாள் மகளின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றிக்கொண்டு கடைத்தெருவில் பத்தர் கடைக்குப் போனேன். கல்லில் உரசினார், மேலே ஒரு சொட்டு விட்டார், தராசில் வைத்தார்.

"தங்கம் சரியாத்தான் இருக்குங்க. எடையும் ரெண்டு பவுனுக்குக் கொறையல. என்ன சந்தேகம்?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியில் ஞாபகம் வந்தது. கீழ் வீட்டு அண்ணனும் இந்தப் பத்தரும் டீக்கடையில் ஒன்றாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு இவர் வேறு எப்படிச் சொல்வார்?

ஐந்தாம் நாள் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே நம்மை யாருக்கும் தெரியாது, யாரும் யாருக்காகவும் பொய் சொல்லப் போவதில்லை. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு, தையல் மெஷினுக்குப் பாகம் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். அவர் பாதித் தூக்கத்தில் ம் என்றார். மகள் படுத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"அம்மா, காதுக்குள்ள மோட்டார் ஓடுது" என்றாள்.

"நாமக்கட்டி உள்ள போயிருக்கும்" என்று துண்டின் நுனியைத் திரித்து இடது காதைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு நகைக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. பாப்பா இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டாள், எழுந்து நின்றால் ரூம் சுத்துது என்கிறாள், என்ன கொடுப்பது என்று கேட்டார். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"கீழ்வூட்டுலேந்து ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"யாரும் வரலடி. நீ எப்ப வரே?"

வெறும் வயிறாக இருக்கும், கஞ்சி கொடுங்கள், இதோ வந்துவிட்டேன் என்றேன். வரவில்லை. கடைக்காரர் உரசி முடிக்கும்வரை நின்றேன். அவரும் அதையேதான் சொன்னார். நல்ல தங்கம்.

திரும்பி வரும் ஒரு மணி நேரப் பயணத்தில் எனக்கு நிம்மதி வரவில்லை. தங்கம் சரி என்றால், பிறகு ஏன் பலிக்கவில்லை? அரியலூர் வருவதற்குள் அதற்கும் பதில் கிடைத்துவிட்டது. கழுவாமல் கொடுத்திருக்கிறாள். மேலே மஞ்சளைப் பூசி ஏமாற்றியிருக்கிறாள். அவள் பெண்ணின் நோவு சங்கிலியிலேயே ஒட்டிக்கொண்டு வந்து என் பெண்ணின் கழுத்தில் ஏறிவிட்டது. மாடிக்குப் போகாமல் நேராகக் கீழ் வீட்டு வாசலில் நின்றேன்.

"ஏங்க்கா, சங்கிலியக் கழுவாம குடுத்தீங்களா?"

அக்கா முதலில் புரியாமல் பார்த்தாள். "கழுவித்தானே மஞ்சத் தடவிக் குடுத்தேன்."

"அப்பறம் எப்படி எம்புள்ளைக்கு வந்துச்சு?"

"ரெண்டும் ஒரே ஐஸ மாத்தி மாத்திச் சப்புச்சுங்க. உன் சங்கிலியா கொண்டாந்து விட்டுச்சு?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ அன்னைக்கு உள்ள போயி போட்டோ புடிச்சுட்டுத்தானே குடுத்தே. கதவு தெறந்துதான் கெடந்துச்சு. எம்புள்ளைக்கு ஆவணுமேன்னு வாங்கிட்டுப் போனேன். இல்லாட்டி அப்பவே திருப்பிக் குடுத்துட்டு எறங்கியிருப்பேன்."

மானம் போனால் மனிதர்கள் மன்னிப்புக் கேட்கலாம், அல்லது சத்தம் போடலாம். நான் சத்தம் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன், அதுமட்டும் தெரியும். தெருவே வேடிக்கை பார்த்தது. மேலே ஜன்னல் திறந்திருந்தது.

படியேறிப் போனபோது மகள் வலது பக்கமாகச் சாய்ந்து, முகத்தைத் தலையணையில் புதைத்துப் படுத்திருந்தாள். வாந்தி நின்றுவிட்டது. தலைசுத்தல் இன்னும் இரண்டு நாள் இருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போனாள். சாப்பிடாத பலவீனம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நர்ஸம்மா சொன்னது ஞாபகத்துக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. கூட்டிப்போனால் கீழ் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும், "பாத்தியா" என்று அக்கா பார்ப்பாள் என்று தோன்றியது. எட்டாம் நாள் வீக்கம் முழுக்க வற்றியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன், நோய் முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மகள் மாறிப்போனாள். கூப்பிட்டால் வருவதில்லை. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட வேண்டும். சில நேரம் ஒரே குரலுக்கு வருவாள், சில நேரம் பக்கத்தில் நின்று கத்தினாலும் டிவியையே பார்த்துக்கொண்டிருப்பாள். இஷ்டப்பட்டால் கேட்கிறது, இஷ்டமில்லை என்றால் கேட்பதில்லை என்று எடுத்துக்கொண்டேன். கீழ் வீட்டுப் பெண்ணோடு சேரக் கூடாது என்று சொன்ன கோபமாக இருக்கும். அல்லது கீழே யாரோ ஓதிவிடுகிறார்கள். நடிக்கிறாளா என்று பார்க்க ஒரு சோதனை வைத்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்தபோது மெதுவாகப் போய், "ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டா?" என்று முணுமுணுத்தேன். சட்டென்று திரும்பி, "வெனிலாம்மா" என்றாள்.

அவ்வளவுதானே. ஐஸ்கிரீம் கேட்கிறது, அம்மா கூப்பிட்டால் கேட்பதில்லை. முதுகில் ஒன்று வைத்தேன். அவள் அழவில்லை, என்னை விளங்காமல் பார்த்தாள். நான் அவளுடைய வலது பக்கத்தில் நின்றிருந்தேன். அது அன்றைக்கு எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

ஸ்கூலில் மிஸ்ஸும் சொன்னார், பாப்பா கவனிக்கிறதில்லை, டிக்டேஷனில் வார்த்தைகளை விட்டுவிடுகிறாள் என்று. அந்த மிஸ்ஸுக்கு என் மகளைப் பிடிக்காது என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்தேன். படியின் திருப்பத்தில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரியாமல் தினமும் நடந்திருக்கிறது. பிடித்துவிட்டோம் என்று மூச்சை அடக்கி நின்றேன். கீழ் வீட்டுப் பெண் ஏதோ சொல்ல வந்தாள். சொல்வதற்கு முன் எழுந்து, என் மகளைச் சுற்றிக்கொண்டு போய், வலது பக்கம் உட்கார்ந்து, பிறகு சொன்னாள். என் மகள் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இடம் மாறினார்கள், மறுபடி அதே மாதிரி. அந்தப் பெண் ஒருமுறைகூட இடது பக்கமிருந்து பேசவில்லை.

"ஏன் சுத்திக்கிட்டுப் போறே?" என்று கேட்டேன். இருவரும் நடுங்கிப்போனார்கள்.

"இல்ல சித்தி" என்று எழுந்து நின்றாள் கீழ் வீட்டுப் பெண். "பாப்பாவுக்கு அந்தக் காது கேக்காதுல்ல. இந்தப் பக்கம் வந்து சொன்னாத்தான் கேக்கும்."

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னாள்.

செல்போனை எடுத்து வந்து, பாட்டு வைத்து, மகளின் வலது காதில் வைத்தேன். பாட்டு என்றாள். இடது காதில் வைத்தேன். காத்திருந்தாள். "போடும்மா" என்றாள். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் சத்தமாக வைத்தேன். என் கைக்கே அதிர்ந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, "போட்டாச்சாம்மா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பெரம்பலூரில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. கிளம்பும்போது கேட்டருகே அக்கா நின்றிருந்தாள், அவள் பெண் சொல்லியிருக்க வேண்டும். "தொணைக்கு நான் வரட்டா?" என்றாள். சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. எதற்காகக் கேட்கிறாள் என்று ஒரு நொடி மனசு ஓடியது. அந்த நொடிக்காக என்னை நானே அருவருத்தேன். "வேணாங்க்கா, போயிட்டு வரேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

கண்ணாடி ரூமுக்குள் மகளை உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். வலது காதுக்குத் தூக்கித் தூக்கி இறக்கினாள். இடது காதுக்கு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். தப்பாகிவிடுமோ என்று இரண்டு தடவை சும்மாவே தூக்கினாள்.

"பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" என்று கேட்டார் டாக்டர். "அப்ப வாந்தி, தலைசுத்தல், காதுல எரைச்சல் ஏதாவது இருந்துச்சா?"

மூன்றும் இருந்தது என்றேன்.

"காது நரம்பைப் பாதிச்சிருக்கும்மா. அபூர்வமா இப்படி ஆகும். பொதுவா ஒரு பக்கம்தான். அந்தப் பக்கம் இனி திரும்பாது. இன்னொரு காது நல்லாருக்கு, அதைப் பத்திரமாப் பாத்துக்கணும். கிளாஸ்ல முன்னாடி, மிஸ்ஸுக்கு வலது பக்கம் காட்டுற மாதிரி ஒக்கார வைங்க."

"அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா?"

"மருந்து குடுத்து முயற்சி பண்ணியிருக்கலாம். காப்பாத்தியிருக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். யாராலயும் சொல்ல முடியாது."

எந்த வார்த்தைக்குப் பின்னாலும் வேறு ஏதோ இருக்கும் என்று தேடியே பழகியவள் நான். அவர் சொன்னதில் தேட எதுவும் இல்லை. வெளியே வந்து பார்த்தபோது தெரு எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. எதிர் வரிசையில் நாலு கடை தள்ளி அந்த நகைக் கடை. அன்றைக்கு நான் சங்கிலியோடு நின்ற இடத்திலிருந்து இந்த டாக்டரின் போர்டு தெரிந்திருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் தூக்கம் வருகிறது என்று என் மடியில் சாய்ந்தாள், வலது காது கீழே. பசிக்கிறதா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கண் திறந்துதான் இருந்தது. தோளைத் தொட்டேன், தலையைத் தூக்கினாள்.

"இப்படிப் படுத்தா ஒண்ணுமே கேக்காதும்மா" என்றாள், ஒரு வித்தையைக் காட்டுகிற சந்தோஷத்தோடு. "பஸ்ஸு சத்தங்கூட. நீயும் பெரிம்மாவும் சண்ட போட்டீங்கல்ல, அன்னைக்கு பயமா இருந்துச்சு. காதப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் படுத்தேன். இந்தக் காத மட்டும் பொத்துனாலே போதும்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

"அப்பவே ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ நம்ப மாட்டேல்ல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பதைச் சொல்வதுபோல், அம்மாவைப் பற்றித் தெரிந்த ஒன்றைச் சொன்னாள். நம்பியிருப்பேன்டி தங்கம் என்று சொன்னேன். அதற்குள் அவள் மறுபடி வலது காது கீழே இருக்கும்படி படுத்துவிட்டிருந்தாள். குனிந்து, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.